ஒருபாலார் மணமும் மறுப்புரை முறையும்

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக வகுத்தருளினார். பிறர் கொள்கையை எடுத்து நிறுத்திப் பின்னரே மறுத்தல் பரபக்கத்தின் முறை. கூறாததைக் கூறினாரெனக் கொண்டு மறுத்தல் மறுப்பாகாது. இவ்வளவுகோல் கொண்டு, ஒருபாலார் திருமணத்தை எதிர்த்து 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் எழுந்த கிளர்ச்சியை ஈண்டு ஆராய்வாம்.

திருமணம் சமயச் சடங்கு, அதனை மாற்றலாகாது என்பது எதிர்த்தோரின் முதற் கூற்று. வழக்காளிகள் பெரும்பாலும் வேண்டியது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவுரிமையே. சமயத் தனிச்சட்டங்களுட் புகோம் என உச்சநீதிமன்றமும் ஏப்ரல் 18-ல் விசாரணைத் தொடக்கத்திலேயே தெளிவுறுத்திற்று. ஆகலின் இம்மறுப்பு குறி தப்பிய அம்பேயாம். மேலும், புரோகிதரின்றி மாலைமாற்றிச் செய்யும் மணமுஞ் செல்லுமென 1967-ல் நம் மாநிலமே சட்டஞ் செய்ததன்றோ?

நாட்டு மக்களுள் நூற்றுக்கு 99.9-க்கு மேற்பட்டோர் இதனை எதிர்க்கின்றனர் என ஏப்ரல் 23-ல் பார் கவுன்சில் எனப்படும் இந்திய வழக்குரைஞர் மன்றம் தீர்மானித்தது. எண்ணியவர் யாவர்? எவ்வாறு எண்ணினர்? கணக்கெடுப்பில்லாத தொகை காட்சியளவையுமன்று, கருதலளவையுமன்று. சான்று கேட்டு வாழும் தொழிலினர் சான்றின்றி உரைத்தல் தகுமோ?

இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என நடுவணரசு வாதித்தது. கண்ணமங்கலம் போன்ற மலையடியூர்களிற் பிறப்பார் இயல்பு வேறு, நகரிற் பிறப்பார் இயல்பு வேறு என்பதற்கு ஏது யாது? தீர்ப்பில் தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்களும் இதனை மறுத்துரைத்தார்.

அற்றேல், எதிர்த்தோர் பக்கம் வலிய வாதமே இல்லையோ எனின், உண்டு. சட்டம் இயற்றுதல் நாடாளுமன்றத்தின் தொழில் என்பதே அது. 2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகளும், மணம்புரிதல் அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையன்று என ஒருமுகமாகக் கூறினர். 2025 ஜனவரி 9-ல் மறுஆய்வு மனுக்களுந் தள்ளப்பட்டன. வென்றது அவ்வொரு வாதமே. அதற்குப் பொய்த்தொகையும் இழிசொல்லும் வேண்டப்பட்டில. ஆதரித்தோருள்ளும் ஐயுற்றோரையெல்லாம் பகைவரென்றார் உளர், அதுவும் குற்றமே.

நல்வழி காட்டியவர் ஒருவரை ஈண்டு நினைதல் தகும். மதுரையிலிருந்து பெற்றோர்க்கு அஞ்சிச் சென்னை புக்க இரு பெண்களின் வழக்கினைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு அறிவு போதாதென வெளிப்பட ஒப்பி, உளநூல் வல்லாரிடங் கற்று, 2021 ஜூன் 7-ல் ஆணை பிறப்பித்தார். அறியாமையை அறிதலே ஆராய்ச்சியின் தொடக்கம்.

மணவுரிமை மறுக்கப்படினும், இருவர் கூடிவாழும் உரிமையை மன்றம் மறுத்திலது. துணைவர் நோயுற்றுழி உடனிருந்து முடிவு சொல்லுதற்குரியார் யார் என்பன போன்ற வினாக்கள் எஞ்சுகின்றன. அவை மக்கள் வாழ்வைப் பற்றியன. இனி வாதிப்பார் எப்பக்கத்தாராயினும், பிறர் கூற்றை உள்ளவாறு கேட்டு, பின் மறுப்பாராக.