ஏணியின் முதற்படி

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் அன்பியக் கூட்டங்களுக்கென ஒரு தாளை அச்சிட்டு வழங்கினோம். அதில் நான்கு கட்டங்கள். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்நிலைச் செபம் என்பன அவற்றின் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கையும் குறித்திருந்தோம்: ஐந்து, பத்து, ஐந்து, பத்து. அரைமணி நேரத்தில் இறைவார்த்தை வாழ்வு நிறைவுபெறும் வண்ணம் ஏற்பாடு. மக்கள் குறை கூறவில்லை; மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் மூன்று மாதங்களுக்குள் அத்தாள்கள் செபப் புத்தகங்களில் அடையாளத் துண்டுகளாயின. ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். "சாமி, மொத ரெண்டு கட்டம் புரியுது. நாலாவது கட்டத்துல என்னதான் செய்யணும்? கண்ண மூடுனா அடுப்புல வச்ச பாலுதான் நெனப்புக்கு வருது" என்றார். நம்மிடம் விடை இல்லை. மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்த நான்கு கட்டங்கள் நாம் கண்டுபிடித்தவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் வாழ்ந்த கர்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ எழுதிய 'துறவியரின் ஏணி' என்னும் சிறு மடலிலிருந்து வந்தவை. குருமடத்தில் ஆன்மீக இறையியல் வகுப்பில் இந்நூலைப் பற்றி இரண்டு வரிகள் குறிப்பெடுத்ததுண்டு. தேர்வில் எழுதியதும் உண்டு. நூலை வாசித்ததில்லை. நமது தாள் தோல்வியுற்ற பிறகே வாசித்தோம். ஒரே மாலையில் வாசித்து முடிக்கத்தக்க அளவினது. அதை மீண்டும் மீண்டும் வாசித்ததில் விளைந்த சில எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம்.

கர்த்தூசியர் சபை 1084-இல் புனித புரூனோவால் தொடங்கப்பெற்றது. ஒவ்வொரு துறவிக்கும் தனிச் சிற்றில்லம். நாளின் பெரும்பகுதி அதனுள்ளேயே கழியும். படித்தலும் செபமும் கைவேலையும் அங்கேதான். நூல்களைப் படியெடுப்பது அவர்களது சிறப்பான கைவேலைகளுள் ஒன்று. வாயால் மறையுரை ஆற்ற இயலாதவர்கள் கையால் மறைபரப்புகிறார்கள் என்பது அவர்களின் கருத்து. அச்சபையின் தலைமை மடத்துக்கு ஒன்பதாம் தலைவராக இருந்தவர் கீகோ. ஜெர்வாசு என்னும் சகோதரருக்கு அவர் எழுதிய இம்மடல், பிற்காலத்தில் புனித அகுஸ்தினார் பெயராலும் புனித பெர்நார்து பெயராலும் கைமாறிப் பரவியது. எழுதியவர் பெயர் மறைந்துபோனதற்கு அவர் வருந்தியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இம்மடலில் நிமிடக் கணக்கு இல்லை. கீகோவின் மொழி உணவின் மொழி. வாசிப்பு உணவை வாயிலிடுகிறது. தியானம் அதை மெல்லுகிறது. மன்றாட்டு சுவையைத் தேடுகிறது. ஆழ்நிலைச் செபம் அந்த இனிமையாகவே இருக்கிறது என்ற போக்கில் அவர் விளக்கிச் செல்கிறார். உணவை மெல்லுகிறவர் எவரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மேலும், நான்காம் படி மனிதன் ஏறி அடைவதன்று, மேலிருந்து தரப்படுவது என்பதில் கீகோ மிகத் தெளிவாக இருக்கிறார். நாமோ அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டோம். ஆண்டவர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து போய்விட வேண்டும் போலும்!

எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொள்வது மத்தேயு நற்செய்தி 5:8, அதாவது தூய்மையான உள்ளத்தோர் கடவுளைக் காண்பர் என்னும் பேறு. அதை ஒரு திராட்சைப் பழமாகக் கருதிப் பிழிகிறார். ஆண்டவர் உடல் தூய்மையைப் பேசவில்லை, உள்ளத்தின் தூய்மையைப் பேசினார் என்று முதலில் காண்கிறார். உடனே ஆண்டவரது மலையில் ஏறத்தக்கவன் யார் என்று கேட்கும் திருப்பாடல் அவர் நினைவுக்கு வருகிறது. தூய உள்ளத்தைப் படைத்தருளுமாறு மன்றாடும் பாடல் அடுத்து வருகிறது. பின்னர் தன் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபு வருகிறார். ஒரு வசனம் மற்றொன்றைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது. இப்பகுதியே நூலின் உயிர் என்பது நம் கருத்து. ஏணியின் படிகளை விளக்கும் பிற பகுதிகளை மறந்தாலும் இழப்பில்லை, இதை மறத்தலாகாது.

இவ்வாறு வசனங்கள் தாமாக வந்து கூடியது எவ்வாறு? அவருடைய வாயில் அவை ஏற்கெனவே இருந்தன. வாரந்தோறும் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்கும் மரபில் வளர்ந்தவர் அவர். அந்த மரபில் வாசிப்பு என்பது ஒலியோடு கூடியது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூல், நண்பகல் ஓய்வு வேளையில் வாசிக்க விரும்புகிறவர் பிறருக்குத் தொந்தரவின்றி வாசிக்கட்டும் என்கிறது. ஓசை எழாத வாசிப்பாயின் இந்த எச்சரிக்கைக்குத் தேவையே இல்லை. இன்னும் பின்னே சென்றால், முதல் திருப்பாடலில் நாம் 'தியானித்தல்' என்று சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் 'ஹாகா'. முணுமுணுத்தல் என்பது அதன் பொருள். எசாயா நூலில் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், முனகும் புறாவுக்கும் இதே சொல்தான் வருகிறது. தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'ஓதுதல்' என்போம். வாசித்தல், சொல்லுதல், கற்றல் மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிய அருமை அதற்குண்டு. தியானம் என்றதும் கண்மூடி மௌனமாக அமர்வதே நமக்குத் தோன்றுகிறது; திருப்பாடல் ஆசிரியருக்குத் தோன்றியது உதட்டின் அசைவு.

நம் முன்னோர் மந்திரங்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியரும் செபமாலைத் தேவ இரகசியங்களை வரிசை பிசகாமல் சொல்லுவர். ஆனால் திருநூலை நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. 1965 நவம்பர் 18-இல் வெளியான இறை வெளிப்பாடு பற்றிய சங்க ஏடுதான் கிறிஸ்தவ மக்கள் யாவரும் திருநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என வலியுறுத்திற்று. 1995-இல் பொது மொழிபெயர்ப்பும் கிடைத்தது. இன்று நூல் வீட்டில் இருக்கிறது, பல வீடுகளில் திருமணப் பரிசாகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வாயில் இல்லை. வாயில் ஒன்றும் இல்லாதவரிடம் மெல்லுங்கள் என்று சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது! நமது தாளின் இரண்டாம் கட்டத்தில் மக்கள் பத்து நிமிடமும் கற்பனையில் அலைந்ததற்கு அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

இனி, கீகோவோடு நாம் வேறுபடும் இடத்துக்கு வருவோம். இதைக் காட்டித் தந்தவர் இறையியல் பேராசிரியர் அல்லர். ஒரு தவக்காலத்தில் அன்பியக் கூட்டமொன்றில் கீகோவின் அதே வசனத்தை வாசிக்கச் சொன்னோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், ஏழாம் வசனத்திலிருந்து ஒன்பது வரை வாசித்துவிட்டாள். அப்போதுதான் நமக்கு உறைத்தது. தூய உள்ளத்தோர் நடுவில் நிற்கிறார்கள். ஒருபுறம் இரக்கமுடையோர், மறுபுறம் அமைதி ஏற்படுத்துவோர். கீகோவின் கண் ஒரு வசனம் மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் அவரது ஏணி சிற்றில்லத்தின் சுவரைத் தாண்டித் தெருவில் நின்றிருக்கும். அவர் தம் பழத்தை மட்டும் பறித்துக்கொண்டு கொடியை விட்டுவிட்டார். தனிமைத் துறவிக்கு அது பிழையென்று சொல்லமாட்டோம். ஆயினும் அயலானோடு ஒரே கிணற்றில் நீரெடுக்கும் மக்களுக்கு அந்த வாசிப்பு போதாது. 2010-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் இறைவார்த்தையைக் குறித்து எழுதிய ஊக்கவுரையில் இந்நான்கு படிகளையும் எடுத்துரைத்தபின், வாழ்வு பிறருக்குக் கொடையாகும் செயலில் சென்று சேராமல் இவ்வாசிப்பு முற்றுப்பெறாது என்று சேர்த்திருப்பது இதனாலேயே ஆகலாம்.

அன்று அந்த முற்றத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர், தம் உடன்பிறந்த அண்ணனோடு பொதுச்சுவர் காரணமாக ஆறு ஆண்டுகளாகப் பேசாதவர். மாணவி வாசித்து முடித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே எண்ணினோம். பின்னர் அவரே நம்மிடம் சொன்னார். இங்கு எழுதுவதும் அவர் இசைவோடுதான். "ஒன்பதாம் வசனம் எனக்குன்னு வாசிச்ச மாதிரி இருந்துச்சு சாமி. வெளியே போய் நின்னேன். அண்ணன் வீட்டு வெளக்கு எரிஞ்சுது. போகல. மறுநாள்தான் போனேன்." வழக்கு இன்றும் நீதிமன்றத்தில் இருக்கிறது. சுவரும் இருக்கிறது. ஆனால் அண்ணன் மகள் பூப்பெய்தியபோது தாய்மாமன் சீருக்கு முன்னதாகச் சித்தப்பா வீட்டிலிருந்து வாழைத்தார் போயிற்று. தாளில் குறித்த எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது?

நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் திருநூலை வாசிக்காத நாள் இல்லை எனலாம். ஆனால் மறையுரைக்காக வாசித்தோம். ஞாயிறு வாசகத்தைத் திறந்தவுடன் இதிலிருந்து என்ன சொல்லலாம் என்பதே முதற்கேள்வி. கடைக்காரன் சந்தையில் காய்கறியைப் பார்ப்பதுபோல் வார்த்தையைப் பார்த்தோம். வாங்கி விற்பதற்கு, உண்பதற்கன்று. தியானமற்ற வாசிப்பு வறண்டது என்று கீகோ சொல்லுமிடத்தில் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் 'மறையுரைக்கு ஆகும்' என்று எழுதி வைத்தோம். சில நாள் கழித்து அந்தக் குறிப்பைக் கண்டபோது சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

மடலின் இறுதியை நெருங்குகையில், உச்சிப் படியிலிருந்து நம்மைக் கீழிறக்கும் காரணங்கள் நான்கு என்கிறார் கீகோ. தவிர்க்க இயலாத தேவை, பயனுள்ள நற்பணி, மனித வலுவின்மை, உலக வீண்பெருமை. முதலாவதை மன்னிக்கிறார், இரண்டாவதைப் பொறுத்துக்கொள்கிறார், மூன்றாவதற்கு இரங்குகிறார், நான்காவதை மட்டுமே குற்றமென்கிறார். அடுப்பில் பாலை வைத்த அம்மையாருக்கு விடை இங்கே எண்ணூறு ஆண்டுகளாகக் காத்திருந்தது. பொங்கும் பாலை இறக்கப் போகிறவரை அந்த மலைத்துறவி கண்டிக்கவில்லை. கனிவான மனிதர்.

ஆனாலும் இங்கும் ஒரு சிறு வழக்கு உண்டு. வேலையைக் கீழிறக்கும் காரணமாக வைக்கிறாரே, இந்த ஏணி முதன்முதல் அவருக்குத் தோன்றியது எப்போது? மடலின் தொடக்கத்தில் அவரே சொல்கிறார்: ஒருநாள் கைவேலையில் ஈடுபட்டிருக்கையில் ஆன்மீக மனிதனின் பயிற்சியைப் பற்றி எண்ணத் தொடங்கியபோது இந்நான்கு படிகளும் சட்டென்று மனத்தில் எழுந்தன என்று. கண்மூடி அமர்ந்த வேளையில் அல்ல, கை வேலையில் இருந்த வேளையில். தம் கோட்பாட்டை எழுதும்போது அந்த முதற்கணத்தை அவர் மறந்துவிட்டார் என்றே நமக்குப் படுகிறது. காலையில் வாயிலிட்ட வசனம் பகல் முழுவதும் வேலையினூடே மெல்லப்படுகிறது. நெல் அவிப்பவருக்கும் பேருந்து ஓட்டுபவருக்கும் அதுவே இரண்டாம் படி. தனி நேரம் கிடைக்கவில்லையே என அவர்கள் ஏங்க வேண்டியதில்லை.

அந்தத் தாளை நாம் மீண்டும் அச்சிடவில்லை. இப்போது கூட்டங்களில் ஒரு பகுதியை இருமுறை உரக்க வாசிக்கிறோம். அவரவர் ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு வீடு செல்கிறார்கள். அடுத்த கூட்டம்வரை அதே வசனம். நாமும் அதிகாலையில், மறையுரைக் குறிப்பேட்டைத் திறக்குமுன், ஒன்றை அவ்வாறு ஓதிக்கொள்கிறோம். எல்லா நாளும் இயலுவதில்லை.

பாலைப் பற்றிக் கேட்ட அம்மையார் நான்காம் கட்டத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை. சென்ற மாதம் கேட்டது வேறு. "சாமி, ஏழு, எட்டு, ஒம்பது மூணும் வாய்க்கு வந்திருச்சு. பத்தையும் சேத்துக்கலாமா?" பத்தாம் வசனம் நீதியின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோரைப் பற்றியது. அவருடைய மகன் கூலிப் பிரச்சினையில் முன்னின்றதால் வேலையிழந்து வீட்டில் இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும். சற்று நேரம் பேசாதிருந்தோம். பிறகு, சேர்த்துக்கொள்ளுங்கள், நாமும் சேர்த்துக்கொள்கிறோம் என்றோம்.