பொற்சேவலும் பிலிபினின் நீர்வர்ணமும்

ஒப்பராவுக்கென வரையப்படும் நீர்வர்ண ஓவியம் இருவகை வாழ்வுடையது. காட்சித்திரை தீட்டுவோருக்கும் உடை தைப்போருக்கும் அது செயற்குறிப்பு. ஆற்றுகை முடிந்தபின் நூதனசாலையில் அது தனிக் கலைப்படைப்பு. இரண்டாவது வாழ்வை மாத்திரம் நோக்குவோர், ருஷ்ய அரங்க ஓவியங்களை வெறும் தேவதைக்கதை அலங்காரங்களாகக் கொள்வதுண்டு. இக்கணிப்பின் குறைபாட்டினை, 'பொற்சேவல்' ஒப்பராவுக்காக இவான் பிலிபின் வரைந்தவை நன்கு உணர்த்தும்.

புஷ்கின் 1834இல் எழுதிய கதையைத் தழுவிய இவ்வொப்பராவை ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் 1907இல் நிறைவு செய்தார். ருஷ்ய-யப்பானியப் போரின் தோல்வியும் 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் அதன் பின்புலமாகும். மாணவர் பக்கம் நின்றமைக்காக, அவ்வாண்டில் சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். படுக்கையிற் கிடந்தவாறே நாடாள விழையும் டொடோன் மன்னன் யாரைச் சுட்டுகிறான் என்பது தணிக்கையாளருக்கு விளங்காமலில்லை. பாடல்வரிகளில் மாற்றங்கள் கோரப்பட்டன. 1908இல் மறைந்த இசையமைப்பாளர் தம் படைப்பை அரங்கிற் காணவில்லை. 1909இல் சிமின் குழுவினர் அதனைத் திருத்தங்களுடன் மொஸ்கோவில் மேடையேற்றினர்.

அதற்கு ஓவியராக அமைந்த பிலிபினும், 1906இல் அரச சின்னங்களின் நடுவே கழுதையொன்றை வரைந்து கைதானவரே. கரிய மைக்கோட்டினால் எல்லை வகுத்து, அதனுள் நீர்வர்ணத்தைச் சமனாக நிரப்புவது அவரது முறை. 'லுபோக்' எனப்படும் மலிவான மக்கட் பதிப்போவியங்களின் சாயல் அதில் உண்டு. வர்ணங்கள் ஒன்றிலொன்று கரைவதையே நீர்வர்ணத்தின் சிறப்பெனக் கருதுவோர், ஆழமும் நிழலும் குன்றிய இம்முறையைக் குறைகூறுவர். ஆயின் ஒப்பராவின் இறுதியிலே சோதிடன் தோன்றி, தானும் அரசியுமே உயிருள்ளோர், ஏனையோர் வெறுந் தோற்றங்களே என அறிவிப்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவ்வகையில், டொடோனின் அவை பூவேலைப்பாடு நிறைந்த தட்டையான உலகாகக் காட்சியளிப்பது பொருளுக்கு இயைந்த உத்தியே. சொற்களைத் திருத்திய தணிக்கையால், மன்னனைக் காகித உருவாக்கிய கோட்டினைத் திருத்த இயலவில்லை.

எனினும் உயிருள்ளவளான அரசியையும் அதே கோடு சிறைப்படுத்துவதால், இருசாராருக்குமிடையிலான வேறுபாடு மங்கிவிடுகின்றது. இது பிலிபினின் எல்லையாகும்.

1914இல் பாரிஸில் தியாகிலெவ் அளித்த ஆற்றுகைக்கு நத்தாலியா கொஞ்சரோவா அரங்கமைத்தார். அங்கு பாடகர் இருமருங்கும் அமர்ந்திருக்க, நடனக்கலைஞரே பாத்திரங்களாயினர். காட்சியின் கவர்ச்சி மிகுந்தது; குரல் உடலினின்றும் பிரிந்தது. இசையமைப்பாளரின் குடும்பத்தினர் இதனை எதிர்த்தனர். பிலிபினின் ஓவியங்களோ பாடுவோனுக்கு இடம் விட்டு நிற்பவை. அரங்க ஓவியத்தின் பெறுமதி சுவரில் அது பெறும் அழகினால் அன்றி, நாடகப் பொருளை அது துலக்கும் ஆற்றலினாலேயே கணிக்கப்படல் வேண்டும்.