‘நிரந்தரக் குணம்’ எத்தனை ஆண்டுகளுக்கு?

ஜீன் மருத்துவத்தைப் பற்றிய செய்திகளில் ‘ஒரே ஊசியில் நிரந்தரக் குணம்’ என்ற தொனி அடிக்கடி கேட்கிறது. ஒரு ஜீனை உடலுக்குள் சேர்ப்பது ஒரு சாதனை. அது நெடுங்காலம் வேலை செய்வது வேறொரு சாதனை. முதலாவது கைகூடியதும் இரண்டாவதும் கைகூடிவிட்டது என்று எழுதலாமா? ஹீமோபீலியா என்னும் இரத்தம் உறையாமை நோயைக் கொண்டு இதை ஆராய்வோம்.

இரத்தம் உறைய உதவும் புரதங்களில் எட்டாம் காரணி குறைந்தால் ‘ஏ’ வகை ஹீமோபீலியாவும், ஒன்பதாம் காரணி குறைந்தால் ‘பி’ வகையும் உண்டாகின்றன. காரணியின் அளவு இயல்பான அளவில் 1 சதவீதத்திற்கும் கீழே இருந்தால் நோய் கடுமையானது. அடிபடாமலே மூட்டுகளுக்குள் இரத்தம் கசியும். நல்ல ஜீனை ‘அடினோ துணை வைரஸ்’ என்பதன் கூட்டுக்குள் வைத்துக் கல்லீரலுக்கு அனுப்புவது சிகிச்சை முறைகளுள் ஒன்று.

எண்கள் சொல்வது என்ன?

‘ஏ’ வகைக்காக பயோமரின் நிறுவனம் நடத்திய முதல் சோதனையில் 7 பேருக்கு உயர்ந்த அளவு மருந்து தரப்பட்டது. அவர்களுடைய காரணியின் இடைநிலை அளவு முதலாண்டு முடிவில் சுமார் 60 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 26. மூன்றாம் ஆண்டில் 20. இரத்தக் கசிவு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் முதலாண்டோடு கணக்கை முடித்திருந்தால் சரிவு தெரிந்திருக்காது. 2020 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டாண்டுப் புள்ளிவிவரம் கேட்டு அனுமதியை நிறுத்திவைத்தது நியாயமே. அனுமதி 2023 ஜூனில்தான் கிடைத்தது.

கதிரியக்கத் தேய்வைப் படித்த மாணவர்கள் இதற்கும் ஓர் அரை ஆயுள் உண்டென்று எண்ணலாம். முதல் இரண்டு அளவுகளைக் கொண்டு அந்த விதிப்படி கணக்கிட்டால் மூன்றாம் ஆண்டில் 11 வர வேண்டும், வந்ததோ 20. ஆகவே அவநம்பிக்கையோடும் கோட்டை நீட்ட முடியாது; நம்பிக்கையோடும் நீட்ட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

வைரஸ் கொண்டுவந்த ஜீன் பெரும்பாலும் குரோமோசோமில் சேர்வதில்லை. செல்லின் உட்கருவில் தனி வளையமாகத் தங்குகிறது. செல் பிரியும்போது வளையம் நகலாவதில்லை. எனவே குழந்தையின் கல்லீரல் வளர வளர அதன் பங்கு குறைந்துபோகும். ஆனாலும் இதே முறை ‘பி’ வகையில் நிலைத்திருக்கிறது. லண்டன், மெம்பிஸ் ஆராய்ச்சியாளர்கள் 2010 முதல் சிகிச்சை அளித்த 10 பேரைப் பற்றிய அறிக்கை 2025இல் வெளிவந்தது. இடைநிலையாக 13 ஆண்டுகள் கவனித்ததில் காரணியின் அளவு சரியவில்லை. மிகுந்த மருந்து பெற்றவர்களிடமும் அது சுமார் 5 சதவீதமே. எண் சிறியது, ஆனால் நீடித்த எண்.

வேலூர்ச் சோதனை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் வேறு வழி கண்டனர். எட்டாம் காரணி ஜீனை நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களின் குரோமோசோமிலேயே லென்டிவைரஸ் மூலம் சேர்த்தார்கள். செல் பிரிந்தாலும் ஜீன் தொடரும். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி 5 நோயாளிகளுக்கு மொத்தம் 81 மாதங்களில் இரத்தக் கசிவே இல்லை. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் 81 மாதங்கள் என்பது ஐவரின் கூட்டுத்தொகை. ஆளுக்குச் சராசரி 16 மாதங்களே. தவிர, குரோமோசோமில் ஜீன் தவறான இடத்தில் புகுந்தால் ஆபத்து உண்டு. பாரிஸில் வேறொரு நோய்க்காக, வேறு வகை வைரஸால் இவ்வாறு சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது.

சொல்லில் சற்று மிகையிருந்தால் என்ன என்று கேட்கலாம். அடினோ துணை வைரஸை ஒருமுறை பெற்றவரின் உடலில் அதை எதிர்க்கும் பொருள்கள் பெருகிப் பல்லாண்டு நிற்கின்றன. அதே மருந்தை மறுபடி செலுத்தினால் பலனிராது. நோயாளிக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு. அதை இன்று பயன்படுத்துவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்பவருக்கு ‘நிரந்தரம்’ என்ற சொல் உதவாது. எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகள், கடைசியாக அளந்தபோது எவ்வளவு என்ற மூன்று எண்களே உதவும். இவை இல்லாத செய்தியை வாசகர்கள் பாதிச் செய்தி என்றே கொள்ள வேண்டும்.