பேடி முதல் திருநங்கை வரை: பெயரிடுதலின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

‘நாற்றம்’ என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்துப் பின்னர் தீய மணத்தைக் குறிக்கலாயிற்று. இதனை இழிபொருட்பேறு என்பர் சொற்பொருளியலார். தமிழ் மாணவர் யாவரும் அறிந்த உதாரணம் இது. ஆயின் ஒரு சொல்லாற் சுட்டப்படுவோர் தாமே எழுந்து அச்சொல் எமக்கு வேண்டாம் என மறுக்குமிடத்து நிகழும் பொருள் மாற்றம் இதனின்றும் வேறானது. பூவும் மணமும் தமக்கிடப்பட்ட பெயரை மறுப்பதில்லை, மனிதர் மறுக்கின்றனர். பாலடையாளத்தையும் பாலியல் நாட்டத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் அடைந்துள்ள மாற்றத்தை இந்நோக்கிலேயே அணுகுதல் வேண்டும். இதனை நாகரிகம் கருதிய இடக்கரடக்கல் என ஒதுக்குவோர் நமது பல்கலைக்கழகங்களிலும் உளர். அவர்கள் இலக்கண நூல்களை மீண்டுமொருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இப்பிரச்சினை வந்துவிடுகிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் வைத்து, இவ்விரண்டற்கும் தமக்கெனத் தனியான ஈறு இல்லை, இவை உயர்திணைப் பால்களின் ஈற்றையே ஏற்கும் என்கிறார் ஆசிரியர். பின்னர் வரும் சூத்திரமொன்று, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பாற்சொல்லோடு முடியாதென விலக்குகிறது. இங்கு இரண்டு செய்திகள் மனங்கொளத்தக்கன. அம்மனிதர் உயர்திணைக்குள்ளேயே வைக்கப்படுகின்றனர். அன்றியும் அவர்களை வரையறுக்கும் சொல் ‘திரிதல்’ ஆகும். ஆண்மை என்னும் அளவுகோலிலிருந்து எவ்வளவு விலகினர் என்பதே இலக்கண ஆசிரியரின் கவனத்துக்குரியதாயிருந்தது.

பவணந்தியாரின் நன்னூல் இவ்விடத்து வேறொரு சொல்லைக் கையாள்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை ‘அவாவுதல்’ என்பதே அச்சொல். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். திரிபு என்ற குறை நீங்கி, விருப்பம் என்ற உள்ளநிலை பால் பாகுபாட்டுக்கு அடிப்படையாகிறது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ விரும்புவோருக்கும் இங்கு இடமுண்டு. 2014 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருவரின் பாலடையாளத்தை அவரே தீர்மானிக்கலாம் எனத் தீர்ப்பளித்தபோது நன்னூலாரை எண்ணாதிருக்க முடியவில்லை. ஆயின் அச்சூத்திரத்தின் மூன்றாம் அடி, இவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்தும் வழங்கப்படலாம் என முடிகிறது. இரண்டடிகளிற் கொடுத்ததை மூன்றாம் அடி பறித்துவிடுகிறது. இலக்கணம் வழக்கைப் பதிவு செய்வதெனின், தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் இடைப்பட்ட காலத்தில் இம்மனிதரை ‘அது’ எனச் சுட்டும் வழக்கு பரவியிருத்தல் வேண்டும். அச்சமூக வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

இலக்கியங்களில் ஒருமைப்பட்ட நோக்கினைக் காண்பதற்கில்லை. திருக்குறளில் ‘பேடி’ இரண்டிடங்களில் வருகிறது; இரண்டிலும் பேடி கைப்பட்ட வாள் பயனின்மைக்கு உவமை. வீரத்தை ஆண்மையோடு ஒன்றாக்கிய விழுமியத்தின் எச்சத்தை இங்கு காண்கிறோம். சிலப்பதிகாரத்திலோ மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடு. அது காமன் ஆடியதாகக் கூறப்படுகிறது. திருவெம்பாவை இறைவனைப் பெண் எனவும் ஆண் எனவும் அலி எனவும் பாடுகிறது. இவ்வாறு கடவுளுக்கு ஏற்றிய சொல் தெருவில் நடந்த மனிதருக்கு வசைச்சொல்லாகவே இருந்தது. பக்தி இலக்கியத்தின் தாராள மனப்பான்மையை வியந்து எழுதுவோர் இம்முரண்பாட்டைப் பெரும்பாலும் தவிர்த்தே செல்வர்.

இனித் தற்காலத்துக்கு வருவோம். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1990களில் வெளிவந்தபோது தமிழ் நாவல் அதுவரை தொடாத ஒரு களத்தைத் தொட்டது. பொறியியற் கல்லூரி மாணவனான சுயம்பு மேகலையாக மாறுவதை அனுதாபத்துடன் சித்திரித்த முற்போக்கு எழுத்தாளர் அவர். எனினும் அவர் கைக்கெட்டியிருந்த பொதுச்சொல் ‘அலி’ என்பதே. அனுதாபம் புதிது, சொல் பழையது. அந்நாவலின் கதைசொல்லி ‘நாம்’ என்ற வாசகர் கூட்டத்துக்கு ‘அவர்களை’ அறிமுகப்படுத்துபவராகவே இறுதிவரை நிற்கிறார்.

‘அரவாணி’ என்ற பெயர் அதனையடுத்துப் பரவிற்று. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலிற் சித்திரையில் நடைபெறும் விழாவோடு தொடர்புடையது இது. களப்பலியாகவிருக்கும் அரவானுக்கு ஓரிரவு மனைவியாகி, மறுநாட் காலையிலே தாலியறுப்போர் என்பது இதன் பொருள். இழிசொல்லுக்கு மாற்றாக வந்தமையால் இது வரவேற்கப்பட்டது. 2008 இல் தமிழ்நாட்டரசு நிறுவிய நலவாரியமும் இப்பெயரையே முதலிற் பெற்றது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட சமயப் புராணத்துக்குள் அடங்கிய பெயர் முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் எவ்வாறு உள்ளடக்கும்? நிரந்தர விதவைக் கோலத்தை ஒரு சமூகத்தின் அடையாளமாக ஏற்பது எவ்வாறு? இவ்விடத்தில் ‘ஹரிஜன்’ என்ற பெயரின் வரலாறு நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. கடவுளின் மக்கள் என உயர்த்தப்பட்டோர் அவ்வுயர்வை மறுத்து, ‘தலித்’ எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டனர். புனிதப் பெயர் சூட்டப்படும்போது அதனைச் சூட்டியவர் எங்கு நிற்கிறார் என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

அடுத்து வந்த ‘திருநங்கை’ இக்குறையை ஓரளவு நீக்கியது எனலாம். புராணம் விலகியது; நங்கை என்ற மதிப்பார்ந்த சொல் பெண்மையை ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. இன்று இலங்கைத் தமிழரிடையேயும் எழுத்து வழக்கில் நிலைபெற்றுள்ள சொல் இதுவே. எனினும் ‘திரு’ என்ற அடைமொழி உயர்த்துவதோடு பிரித்தும் வைக்கிறது. ஏனைய நங்கையருக்கு அது தேவைப்படுவதில்லை. இச்சொல் நிலைபெற்றபோது பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோர் பார்வைக்கு அப்பாற்பட்டனர். நன்னூல் மறவாத அவர்களை நவீன வழக்கு மறந்து, பிற்பாடு ‘திருநம்பி’ எனவும், இரு சாராருக்கும் பொதுவாகத் ‘திருநர்’ எனவும் ஈடு செய்தது. ‘மூன்றாம் பாலினம்’ என்பதிலோ எண்ணிக்கையே வரிசையாகிவிடுகிறது. முதலாவது எது, இரண்டாவது எது என எவரும் கேட்பதில்லை.

பெயரிடப்பட்டோர் தாமே எழுதத் தொடங்கியது இக்காலத்தின் முக்கிய நிகழ்ச்சியாகும். 2005 இல் ரேவதி பலரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலைத் தந்தார். 2007 இல் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு வெளிவந்தது. ரேவதியின் சொந்த வாழ்க்கை வரலாறு 2010 இல் முதலில் ஆங்கிலத்திலேயே அச்சாயிற்று. அதன் துணைத்தலைப்பில் ‘ஹிஜ்ரா’ என்ற வடபுலச் சொல் உண்டு. அடுத்த ஆண்டில் வந்த தமிழ் நூலின் பெயர் ‘வெள்ளை மொழி’. அதில் அடையாளச்சொல் எதுவும் இல்லை. ஆங்கிலப் புத்தகச் சந்தைக்குத் தமிழ்நாட்டவர் ஒருவர் ஹிஜ்ராவாக வேண்டியிருந்தது. தம் மொழியிலே அவர் பெயரின்றியே பேச முடிந்தது. இச்சமூகத்தினர் தம்முள் வழங்கும் ‘கோத்தி’ போன்ற சொற்களும், வசையாக எறியப்படும் ‘பொட்டை’ என்பதைத் தமக்குள் உரிமையோடு எடுத்தாளும் வழக்கும் நமது அகராதிகளிற் புகவில்லை. ஆங்கிலத்தில் ‘குயர்’ என்ற வசைச்சொல்லை 1990 அளவில் அமெரிக்கச் செயற்பாட்டாளர்கள் கைப்பற்றியமையை விரிவாகப் பேசும் நாம், நம் தெருவில் நிகழ்ந்த அதே செயலைக் கவனிக்கவில்லை.

பாலியல் நாட்டத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இத்தகைய நெடிய மரபு தமிழில் இல்லை. ‘ஓரினச்சேர்க்கை’ ஒரு மொழிபெயர்ப்புச் சொல். அதன் மூலத்தை 1869 இல் யேர்மன் மொழியில் அச்சேற்றியவர் கேர்ட்பெனி என்பவர். அவர் பிரஷ்யத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்தே எழுதினார். விடுதலைக்கென ஆக்கிய அச்சொல்லை மருத்துவம் நோயின் பெயராக்கியது. ஒரு செயலாக இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு மனித வகையாக்கப்பட்டதென 1976 இல் மிஷேல் பூக்கோ வாதிட்டார். தமிழில் இம்மாற்றம் தலைகீழாக நடந்துள்ளது போலும். மனித வகையைக் குறித்த சொல்லை மொழிபெயர்த்தோர் ‘சேர்க்கை’ எனச் செயலையே மீண்டும் முன்னிறுத்தினர். ‘தன்பாலீர்ப்பு’ என்ற இன்றைய சொல் செயலை அகற்றி ஈர்ப்பை, நன்னூலின் மொழியிற் கூறுவதாயின் அவாவை, மையமாக்குகிறது. இது வெறும் மென்மைப்படுத்தல் அன்று.

நமது நாட்டின் அனுபவம் இங்கு தனித்து நோக்கற்பாலது. ஷியாம் செல்வதுரை 1994 இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபனி போய்’ என்ற நாவலிற் கொழும்புத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஆர்ஜி, பெரியவர்கள் தன்னைக் குறித்து வழங்கும் ‘ஃபனி’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள முயல்கிறான். வேடிக்கை, விசித்திரம் ஆகிய இரு பொருள்களும் அவர்கள் கூறிய தொனிக்குப் பொருந்தவில்லை. அச்சொல்லின் பொருள் அகராதியில் இல்லை, பெரியவர்களின் வெட்கத்தில் இருந்தது. 1983 வன்செயலோடு முடியும் அந்நாவல் இனத்தாற் சுட்டப்படுவதையும் பாலியலாற் சுட்டப்படுவதையும் ஒரே சிறுவனின் உடலிற் சந்திக்க வைத்தது. தமிழ்த் தேசியம் பற்றிய நமது விமர்சனங்கள் இவ்விணைவை எதிர்கொள்ளத் தயங்கியே வந்துள்ளன.

அந்நாவல் வெளிவந்த மறு ஆண்டு நிகழ்ந்ததொன்று, சொற்சீர்திருத்தத்தில் அளவுகடந்த நம்பிக்கை வைப்போருக்கு எச்சரிக்கையாகும். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான செயல்களையே குறித்தது. 1995 திருத்தத்தின்போது ‘ஆண்கள்’ என்பது நீக்கப்பட்டு ‘ஆட்கள்’ எனப் பொருள்படும் பாற்பொதுச்சொல் இடப்பட்டது. குற்றம் நீங்கவில்லை, பெண்களும் அதற்குட்பட்டனர். சமத்துவமான சொல்லொன்று தண்டனையைச் சமமாகப் பங்கிட்டது! இச்சட்டத்தை மாற்ற முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024 இல் அந்நாடாளுமன்றம் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை.

இதற்கு மறுதலையான உதாரணத்தை 2019 இல் மதுரையிலிருந்து வந்த தீர்ப்பிற் காணலாம். தூத்துக்குடியில் நடைபெற்ற திருமணமொன்றைப் பதிய அதிகாரிகள் மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. புதுச்சொல் எதுவும் ஆக்கப்படவில்லை. பழஞ்சொல்லின் கதவு திறக்கப்பட்டது. என்னளவில், கலைச்சொற் பட்டியல்கள் அனைத்திலும் இது பெரிய சொற்பொருள் நிகழ்ச்சி.

பட்டியல்களும் தேவையே. 2021 இல் இரு பெண்களின் பாதுகாப்புத் தொடர்பான வழக்கிலே நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தமது அறியாமையை ஒப்புக்கொண்டு கற்க முன்வந்ததோடு, பொருத்தமான சொற்கள் பற்றியும் அக்கறை காட்டினார். அதனையொட்டி 2022 இல் தமிழ்நாட்டரசு சொற்றொகுதியொன்றை வெளியிட்டது. குயர் என்பதற்குப் ‘பால்புதுமையர்’ என்ற சொல் இன்று பரவியுள்ளது. ஆங்கிலச் சொல்லின் வசை வரலாறு இதில் இல்லை. புதுமை என்பது அதற்குப் பதிலாக வந்திருக்கிறது. தன்பாலீர்ப்புடைய ஆணைச் சிலர் ‘நம்பி’ என வழங்க, ‘திருநம்பி’ வேறொருவரைக் குறிப்பது போன்ற குழப்பங்களும் உள. வழக்கு இவற்றைத் தீர்த்துக்கொள்ளும்.

வழக்கு தீர்க்காத சிக்கலொன்று நமது பேச்சுமொழியில் உண்டு. எழுத்துத் தமிழில் ‘அவர்’ என்ற மரியாதைச் சொல் ஆண், பெண் என்ற பாகுபாட்டைக் கடந்து நிற்பதால் தமிழ்நாட்டு எழுத்தாளர் பலர் அதனையே புகலிடமாகக் கொள்கின்றனர். யாழ்ப்பாணப் பேச்சிலோ ‘அவர் வாறார்’ என்பது ஆணையும் ‘அவ வாறா’ என்பது பெண்ணையும் குறிக்கும். மரியாதை கொடுக்கும்போதே பாலையும் தீர்மானித்துவிடுகிறோம். தயங்குவோர் ‘ஆள் வருகுது’ என்பர். பவணந்தியாரின் மூன்றாம் அடி அங்கு வந்து நிற்கும். 2016 முதல் இந்நாட்டிற் பாலின ஏற்புச் சான்றிதழ் பெற வழியுண்டு. அச்சான்றிதழோடு வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் செல்பவரை அங்குள்ளோர் எந்த வினைமுற்றால் அழைக்கின்றனர், அவர் எதனை அவாவுகிறார் என்பன கேட்டுப் பதிவு செய்யப்படவேண்டியவை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு ஆகிய இடங்களின் வழக்கைத் தனித்தனியே திரட்டும் இப்பணிக்கு நமது மொழியியல் மாணவர் ஓரிருவர் முன்வந்தாற் போதும்.