மீட்பும் மதிப்பும்

மறக்கப்பட்ட கலைப்படைப்பொன்று மீண்டும் கைக்குக் கிட்டுங்கால் உள்ளம் உவகை கொள்வது இயல்பே. ஆயின், மீண்டும் கிட்டியது என்பதனாலேயே அது சிறந்ததாகிவிடாது. கிடைத்தற்கு அரியது என்பதனாலும் சிறந்ததாகிவிடாது. இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு உணர்த்த நல்லதோர் எடுத்துக்காட்டு நம் மண்ணிலேயே உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1960களில் வெளிவந்து, பின்னர்ப் பரண்களிலும் பழம்பொருட் கடைகளிலும் தூசு படிந்து கிடந்து, இன்று அயல்நாட்டாரும் தேடி வாங்கும் சிறு இசைத்தட்டுகளையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

ஏழு அங்குல விட்டமும் நிமிடத்திற்கு 45 சுழற்சியும் உடைய இத்தட்டு 1949இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பக்கத்திற்கு ஒரு பாடலோ இரண்டோ அடங்கும். நெடுந்தட்டினும் விலை குறைவு. ஆதலின் இளையோர் கைக்கும் எட்டியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் இசைநிகழ்ச்சி நடத்திய பின்னர், மின்கித்தார் ஏந்திய இளைஞர் குழுக்கள் பல்கின. 1963இல் கிரெசெண்டோஸ் குழுவின் பாடலைப் பிலிப்ஸ் நிறுவனம் தட்டாக வெளியிட்டது. 1964இல் குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷாண்டி’, பீட்டல்ஸ் பாடலொன்றை விலக்கிச் சிங்கப்பூர் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அக்குழுவைத் தொடங்கியோர் பள்ளி மாணவர் என்பது ஆசிரியராகிய நாம் கருதத்தக்கது. மலாய் மொழியில் இவ்விசை, பீட்டல்ஸ் பாடலில் ஒலித்த ஆரவாரக் கூவலையொட்டிப் ‘பாப் யே யே’ எனப் பெயர்பெற்றது. எம். ஓஸ்மான் 1964இல் பாடிய ‘சுசானா’ அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இவ்வெழுச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1970களில் சிங்கப்பூரில் நீள்முடிக்கும் இளையோர் நடனக்கூடங்களுக்கும் எதிராக அரசின் கெடுபிடி மிகுந்தது. திருட்டு ஒலிநாடாக்கள் சந்தையை நிறைத்தன. தட்டுகள் மூலையில் ஒதுங்கின. பின்னர் 1999இலும் 2011இலும் ஜோசப் பெரைரா எழுதிய நூல்கள் அக்காலத்தை நினைவூட்டின. 2014இல் கார்ல் ஹாம் தொகுத்த ‘பாப் யே யே’ என்னும் தொகுப்பை அமெரிக்காவின் சப்லைம் ஃப்ரீக்வென்சீஸ் நிறுவனம் வெளியிட்டது.

அத்தொகுப்பு கலைஞர் வரலாற்றை விரிவான கையேடாக உடன் தந்தது பாராட்டுக்குரியது. எனினும் அதன் துணைத்தலைப்பு இப்பாடல்களைச் ‘சைக்கடெலிக் ராக்’ என வகைப்படுத்துகிறது. போதைப் பொருள் தரும் மனமயக்கத்தோடு தொடர்புற்று மேலைநாட்டில் எழுந்த பெயர் அது. நம் இளைஞரோ பெரும்பாலும் காதலையும் பிரிவையும் பந்துன் மரபின் சாயலோடு பாடினர். விற்பனை நோக்கி இடப்படும் இத்தகைய பெயர், தேர்வையும் திசைதிருப்பவல்லது. கித்தார் முழங்கும் பாடலை மட்டும் பொறுக்கி, அதே தட்டின் மறுபக்கத்து மென்மையான பாடலை விட்டுவிட்டால், அக்காலம் முழுதும் ஆரவாரமே செய்தது என்று நாளைய மாணவன் எண்ணுவான். அது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையன்றோ?

விலையை வைத்து மதிப்பிடுவது மற்றொரு பிழை. பலரும் வாங்கிய தட்டு பல படிகளாக எஞ்சுகிறது. அதனால் மலிவாகக் கிடைக்கிறது. எவரும் வாங்காத தட்டு ஒன்றிரண்டே எஞ்சுகிறது. அதனால் பெருவிலை பெறுகிறது. எனவே, அவ்விலை பாடலின் தரத்தைக் காட்டுவதன்று. அன்று அது விலைபோகாமையையே பல வேளை காட்டுகிறது. விலைபோகாதது தாழ்ந்தது என்றும் துணிதல் ஆகாது. கேட்டே தீர்ப்பளித்தல் வேண்டும். ‘ஷாண்டி’யைக் கேட்போர்க்கு ஷேடோஸ் குழுவின் கித்தார் நடை தெளிவாகவே புலப்படும், எனினும் மெட்டு அவர்தம் சொந்த மெட்டு. பிறர் பாடலைப் படியெடுத்துப் பாடுதலே பெருவழக்காயிருந்த நாளில், கருவி இசையால் மட்டுமே தம் சொந்த ஆக்கமொன்றை நிலைநாட்டினரே, அதுவே அதன் சிறப்பு. அதன் விலையோ அருமையோ அன்று.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடியதோடு அமையவில்லை. பல படிகளை ஒப்புநோக்கினார், பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார். பழந்தட்டை மீட்பவர்க்கும் இந்நெறியே பொருந்தும். மூல ஒலிநாடா கிட்டாவிடில், தேயாத படிகளைத் தேடி ஒப்பிடல் வேண்டும். கீறலோசையை நீக்கும் முயற்சியில் குரலின் இயல்பையும் வழித்தெடுத்துவிடுதல், செல்லரித்த இடத்தில் பதிப்பாசிரியன் தன் சொல்லைப் புகுத்துதல் போன்றதாகும். பாடியவர் பெயரோடு மெட்டமைத்தவர், பாட்டெழுதியவர், கருவி இசைத்தவர் ஆகியோர் பெயரும், ஆண்டும், நிறுவனமும் பதிவாதல் வேண்டும். உயிரோடிருப்பாரைத் தேடி இசைவு பெறுதலும், உரிய ஊதியம் அளித்தலும் அறம். ஏட்டுக்கு உரியவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இத்தட்டுகளுக்கு உரியவருட் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பெயரின்றி மீளும் பாடல் அவர்களை இரண்டாம் முறையும் மறக்கச் செய்வதாகும்.

வகுப்பறையில் இத்தகைய பழம்பாடலொன்றை ஒலிக்கச் செய்யும் ஆசிரியர், “இது எவ்வளவு அரியது?” என்று வினவுதல் வேண்டா. “இதனை ஆக்கியவர் யாவர்? எதனைப் பிறரிடம் கற்றனர்? எதனைத் தாமே ஆக்கினர்?” என்று வினவுக. விடை தேடும் மாணவன் திறனாய்வின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.