யார் கீறிய கோடு?

பெஞ்ச்மார்க் என்ற சொல் இன்று கல்லூரித் தரமதிப்பீட்டுக் கூட்டத்திலும் பங்குச்சந்தைச் செய்தியிலும் கைபேசி விளம்பரத்திலும் ஒருசேரக் கேட்கிறது. அளவுகோல், தரக்குறி என்று தமிழில் பலவாறாக எழுதுகிறோம். நம்மிடம் கட்டளைக்கல் என்ற பழைய சொல்லும் உண்டு. வள்ளுவர் ஆண்ட சொல் அது. கட்டளைக்கல் பொன்னின் மாற்றைக் காட்டும், அதோடு நின்றுவிடும். பெஞ்ச்மார்க் அப்படி நிற்பதில்லை. அது ஒருவரைக் காட்டி, 'இவரைப் போல் ஆகு' என்றும் சொல்லும்.

சொல் பிறந்த இடம் நில அளவை. கல்லிலோ சுவரிலோ கிடைமட்டமாக ஒரு கோட்டைச் செதுக்கி, அதில் இரும்புப் பட்டையைப் பொருத்தி, அதன்மேல் அளவுக்கம்பை நிறுத்தி, மற்ற இடங்களின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். வணிக உலகில் இச்சொல்லைப் பரப்பியது ஜெராக்ஸ் நிறுவனம். தனக்கு ஆகும் உற்பத்திச் செலவுக்கே ஜப்பானியர் நகலெடுக்கும் இயந்திரங்களை விற்பதைக் கண்டு, 1979இல் அவற்றைத் தன்னுடையவற்றோடு ஒப்பிடத் தொடங்கியது. பிறகு, கிடங்கு வேலையைக் கற்க, அஞ்சல் வழியே துணிமணி விற்கும் எல்.எல்.பீன் நிறுவனத்தைப் பார்த்தது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கற்பது நல்ல வழக்கம்தான். ஒப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. கோட்டைக் கீறும்போது யாரை நிற்கவைத்துக் கீறினார்கள் என்பதே என் கேள்வி.

கார் விபத்துச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1976இல் உருவான ஹைப்ரிட் 3 என்ற பொம்மை, ஏறத்தாழ 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். உலகெங்கும் இருக்கையும் பட்டையும் அந்த உடலுக்காகச் சோதிக்கப்பட்டன. பெண்ணுக்கென்று பின்னர் வந்த பொம்மை, ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. ஏறத்தாழ 150 செ.மீ., 49 கிலோ. 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சராசரிப் பெண்ணின் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022இல்தான் அறிமுகப்படுத்தியது. மருந்திலும் இதே கதை. ஸோல்பிடெம் என்ற தூக்க மருந்துக்கு அமெரிக்கா 1992இல் ஒப்புதல் தந்தது. பெண்ணுடலில் அது மெதுவாகவே வெளியேறுகிறது என்று பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க 2013 ஆயிற்று. இருபது ஆண்டுகள் ஆணின் அளவே 'பொது' அளவாக இருந்தது.

உடலுக்கு நேர்ந்தது உழைப்புக்கும் நேர்கிறது. உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைத் திட்டம் 2015இல் தொடங்கி, 2016இல் முதல் பட்டியல் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை அது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளங்களிலிருந்து எண்ணுகிறது. தமிழில் எழுதும் தமிழாய்வுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. ஒரு கூட்டத்தில் எங்கள் துறைக்கு நேரே பூச்சியம் காட்டி, 'வேதியியலைப் பாருங்கள்' என்றார்கள். அவ்வாண்டு எங்கள் துறைப் பெண்கள் எழுதிய நூல்கள் மேசைமேல்தான் இருந்தன. அவற்றைப் போட அட்டவணையில் கட்டம் இல்லை. அட்டவணையில் இல்லாத இன்னொன்றும் உண்டு, அது நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப்பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேலான இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் இருவரின் கட்டுரை எண்ணிக்கையை ஒப்பிடுவதற்குத்தான் 'பாரபட்சமற்ற மதிப்பீடு' என்று பெயர்.

இலக்கியத்திலும் கோடு உண்டு. போர், ஊர், அரசியல் என்றால் 'பரந்த அனுபவம்'. அடுப்பங்கரை என்றால் 'குறுகிய வட்டம்'. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் வந்த பிறகும் இப்பேச்சு ஓயவில்லை. அந்தக் கதையில் ஒரு குடும்பத்தின் அதிகாரம் முழுவதும் சமையலறைக்குள்தான் ஓடுகிறது. அரசியலுக்கு இதைவிடப் பரந்த களம் வேண்டும் என்பவர், களத்தின் பரப்பைச் சதுர அடியில் அளக்கிறார்.

அப்படியானால் அளவுகோல்களையே எறிந்துவிடலாமா? கூடாது. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் செய்த ஆய்வு வேறு வழி காட்டுகிறது. முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். அத்துறையில் புழங்கிய இரண்டு அளவுகோல் படத்தொகுப்புகளில் வெளிர்நிற முகங்களே 79.6, 86.2 விழுக்காடு. அதில் தேறினால் எல்லாம் சரி என்று தோன்றுவது இயல்பு. எனவே அவர்கள் மூன்று ஆப்பிரிக்க நாடுகள், மூன்று வட ஐரோப்பிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரைக் கொண்டு புதிய தொகுப்பை உருவாக்கினார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7. இந்த எண் வெளிவந்த பிறகு அந்நிறுவனங்கள் தம் பிழையைக் கணிசமாகக் குறைத்தன. பழைய அளவுகோலின் முன் புகார் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இது நடந்திராது.

என் மாணவியரிடம் நான் கேட்பது இதுதான். யாராவது 'சராசரி', 'தரம்', 'உலகத்தரம்' என்று சொன்னால் மூன்று கேள்விகளை முன்வையுங்கள்: யாரை அளந்து இந்தக் கோடு போடப்பட்டது? எதை எண்ணாமல் விட்டது? இதில் தவறினால் இழப்பு யாருக்கு? விடை சரியில்லை என்றால் நாமும் கம்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போக வேண்டும். எங்கள் துறையின் அடுத்த அறிக்கையில் தமிழ் நூல்களுக்கென ஒரு கட்டத்தை நாங்களே சேர்த்திருக்கிறோம். அதை ஏற்பார்களா என்பது தெரியாது. இனி அதை நீக்குவதென்றால், அவர்கள் தம் கையாலேயே நீக்கியாக வேண்டும்.