கனவும் அசைக்கணக்கும்

ஜப்பானியக் கவிதை என்றதும் நம்மவர்களுக்கு மூன்று வரிதான் ஞாபகம் வருகிறது. 1916-ல் பாரதி சுதேசமித்திரனில் அதன் சுருக்கத்தைப் பாராட்டி எழுதினார். 1980-களிலிருந்து தமிழில் ஹைக்கூத் தொகுதிகள் வந்து குவிந்தன. "சுருக்கம்தான் ஸார், நவீனம்" என்று ராஜபாளையத்துக் கவிஞர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். எனக்கு அது சம்மதமில்லை.

அந்த நாட்டில் சுருக்கம்தான் பழைய சமாசாரம். 905-ஐ ஒட்டி அரசாணைப்படி தொகுத்த கொகின்ஷூவில் சுமார் 1,100 பாட்டுகள். ஏறக்குறைய எல்லாமே 31 அசைதான். பின்னால் தொடர்பாட்டின் தலைப்பாட்டாக நின்ற 17 அசை, பாஷோ (1644-1694) கையில் தனிப் பெருமை பெற்றது. அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் ஷிகி.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கொகின்ஷூவிலே ஒனோ நோ கொமாச்சி என்ற பெண் கனவில் காதலனைக் காண்கிறாள், விழித்ததும் ஏங்குகிறாள். சற்றேறக்குறைய அதே காலத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணோ, கனவில் கல்யாணத்தையே நடத்திவிட்டுத் தோழியைக் கூப்பிட்டுச் சடங்கு சடங்காகச் சொல்லுகிறாள். எவ்வளவு தைரியம்!

1901-ல் யொசானோ அகிகோ 'மிதாரேகாமி' என்ற தொகுதியில் தன் உடலையும் ஆசையையும் ஒளிக்காமல் பாடினாள். ஜப்பான் திடுக்கிட்டது. அதே பழைய 31 அசைதான். பேசிய குரல்தான் புதிது. நாச்சியார் திருமொழியைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமில்லை. நாமோ மார்கழியில் திருப்பாவையோடு நிறுத்திக்கொள்கிறோம். கனவுப் பாட்டுகளை வைணவக் கல்யாணங்களில் சொல்லக் கேட்கலாம். மற்றவை புஸ்தகத்துக்குள்ளேயே கிடக்கின்றன.